அண்ணாவியாருக்கு மூண்டு விலைமனு

காசு குடுக்கிறம் எண்டு ஆரும் சொன்னா வாங்கு, மருமகன். வேணாமெண்டு சொல்லி மரியாதை காட்டுற அளவுக்கு நம்மட மட்டக்களப்புப் படுவான்கரையில ஆருக்கும் வசதி இல்ல. அரசாங்கக் காசெண்டா இன்னும் உறுதியா வாங்கு. அது நீ வாங்குற சீனிக்கும் சவுக்காரத்துக்கும் கட்டின வரிதான். கொழும்பையும் ஒருக்காப் பாத்துப்போட்டு ஒள்ளுப்பம் மெலிஞ்சு ஊருக்குத் திரும்பி வருது. ஆனா வாங்குறத்துக்கும் ஒரு முறை இரிக்கு. கூத்தாடத் தெரிஞ்சாக் காணாது, படிவம் நிரப்பவும் தெரியவேணும். உன்ட கழகத்துல ரெண்டாவதுக்குத்தான் ஆள் இல்லையெண்டு கேள்விப்பட்டன். அதால கேள்.

முதல்ல "செயற்றிட்டத்தின் நோக்கம்" எண்டொரு கூடு வரும். அதுல "அழிந்துவரும் பாரம்பரியக் கலையை மீட்டெடுத்தல்" எண்டு முத்து முத்தா எழுது. விடியும்வரைக்கும் சனம் கூத்துக் களரியைச் சுத்தி எழும்பாம இருந்து பாத்தது உண்மைதான், அதை மட்டும் சொல்லிப்போடாத. உசிரோட இரிக்கிற கலைக்கு ஆரும் காசு குடுக்கமாட்டாங்க. மூச்சு இழுக்குது எண்டு சொன்னாத்தான் பேனை எழும்பும். நான் பொடியனா இருந்த காலத்துலயும் கூத்து அழியுது எண்டுதான் பேசினாங்க. அப்பிடிப் பேசின ஆக்கள் எல்லாரும் போய்ச் சேந்திட்டாங்க. கூத்து கன்னன்குடாப் பக்கம் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இரிக்கு.

மறுகா "பயனாளிகள்: ஆண், பெண்" எண்டு ரெண்டு கூடு. இஞ்சதான் கவனம் வேணும். நம்மட கூத்துல திரௌபதியா வாறவர் மேசன், நாலு புள்ளைக்குத் தகப்பன். அவரை எந்தக் கூட்டுல போடுவ? ஆம்புளைக் கூட்டுல போட்டா பெண்கள் பங்கேற்பு பூச்சியம் எண்டு படிவம் திரும்பி வரும். பொம்புளைக் கூட்டுல போட்டா அவர்ட பொஞ்சாதி வரும். இப்ப பள்ளிக்கூடத்துலயும் கம்பசுலயும் பொட்டைப் புள்ளையள் சதங்கை கட்டி ஆடுறாங்க, என்னத்துக்கு நம்ம மட்டும் பழைய காலத்துல நிக்கிற? நாலு புள்ளையளைச் சேர். கூடு நிரப்புறத்துக்கு இல்ல, அவங்க தாளம் தப்பாம ஆடுறாங்க. மேசனும் பயத்துல பழக்கத்துக்கு நேரத்துக்கு வருவார்.

அடுத்தது விலைமனு. அரசாங்கக் காசுல ஒரு சாமான் வாங்குறதெண்டா மூண்டு இடத்துல விலை கேட்டு, குறைஞ்சதைத்தான் எடுக்கவேணும். மேசை கதிரைக்கு அது நல்ல சட்டம், கள்ளனுக்கு வாசல் சாத்தும். ஆனா மத்தளத்துக்குத் தோல் போடுறவர் நம்மட பகுதியில எத்தினை பேர்? அவருக்குத் தலைப்புக் கடதாசி இரிக்கா, வியாபாரப் பதிவு இலக்கம் இரிக்கா? தோலைத் தட்டிப் பாத்துச் சுதி சொல்லுற கையிருக்கு, ரப்பர் முத்திரை இல்ல. நாளைக்குக் கூத்துப் பழக்குற அண்ணாவியாருக்கும் மூண்டு விலைமனு எடு எண்டு சொன்னா அதிசயப்படாத. அப்பிடிச் சொன்னா எடுத்துப்போடு. குறைஞ்ச விலைக்கு வாறவர் வடமோடிக் கூத்துக்குத் தென்மோடித் தாளம் போடுவார், மிச்சக் காசைத் திறைசேரிக்கு அனுப்பலாம்.

இப்ப பகிடியை ஒரு பக்கம் வை. காசு எதுக்கு வருது எண்டு பாத்தியா? பெனருக்கு வருது. பொன்னாடைக்கு வருது. மண்டப வாடகைக்கு, ஒலிபெருக்கிக்கு, அதிதிமாருக்கு, பணிசும் குளிர்பானமும் போட்ட பைக்கு வருது. எல்லாம் ஒரு நாளைக்கு. அந்த ஒரு நாளுக்கு முந்தின ஆறு மாசத்துக்குப் படிவத்துல கூடே இல்ல. விதைக்கிறத்துக்குக் கையை விரிச்சுப்போட்டு வெட்டுக்கு மட்டும் கூலி குடுக்கிற போடியாரை நீ கண்டிருக்கியா? நான் இதுலதான் கண்டன்.

அந்த ஆறு மாசத்துல என்ன நடக்குது எண்டு கந்தோருக்குத் தெரியாட்டியும் உனக்குத் தெரியவேணும். ஊர்ப் பெரியாக்கள் கூடி எந்தக் கூத்தெண்டு முடிவெடுப்பாங்க. அண்ணாவியார் ஆள் பாத்து, குரல் பாத்து, உயரம் பாத்து, எழும்பிப் பாயிற கால் ஆருக்கு எண்டு பாத்துச் சட்டம் குடுப்பார். சட்டம் எண்டா அவனவன் படிக்கவேண்டிய பாட்டும் வசனமும். அதுல பாதிச் சண்டை வரும். தருமன் கேட்டவனுக்குத் தூதன் கிடைக்கும், அவன் ரெண்டு கிழமை கோவிச்சுக்கிட்டு வரமாட்டான். மறுகா இரவிரவாப் பழக்கம். வயல்ல, வாவியில, கட்டட வேலையில நிண்டுபோட்டு வந்தவனை அண்ணாவியார் மத்தளத்தால எழுப்புவார். ஒரு வரவு ஆட்டம் காலுல ஏறுறத்துக்கு மாசம் போகும். கால் தாளத்துல நிக்குது எண்டு கண்டபொறகுதான் சதங்கை கட்டுற நாள் வைப்பார். அண்டைக்குத்தான் கூத்தன்ட தாய்க்கு மகன் ஆடுறான் எண்டு விளங்கும். பொறகு அடுக்குப் பாக்கிற, ஊர் இருந்து பிழை புடிக்கிற. அதுக்குப் பொறகுதான் அரங்கேற்றம். அதோடயும் முடியாது. வீட்டுக்கு வீடு போய் ஆடுவாங்க, சனம் சன்மானம் குடுக்கும், அந்தக் காசுல உடுப்புச் செலவும் அண்ணாவியாருக்குக் குடுக்கிற மரியாதையும் தீரும்.

அது நம்மட ஊர்ட மானியத் திட்டம், மருமகன். விண்ணப்பம் இல்ல, தெரிவுக் குழு இல்ல. ஆனா கணக்காய்வு இருந்திச்சு. ஆட்டம் சரியில்லாட்டி அடுத்த வளவுக் கிழவி முகத்துக்கு நேரயே சொல்லுவா. அதுக்கு மேன்முறையீடு கிடையாது.

அரசாங்கம் கலைக்குக் காசு குடுக்கிறதைப் பிழையெண்டு சொல்ல வரல்ல. வெள்ளைக்காரன் தன்ட நாட்டுல 1946இல கலைக்கெண்டு ஒரு மன்றம் வச்சான். அதுக்குப் பின்னால நிண்டவர் கெயின்ஸ் எண்ட பெரிய பொருளாதாரக்காரர். காசு அரசாங்கத்தின்ட, ஆருக்குக் குடுக்கிற எண்ட முடிவை மந்திரிமார் எட்ட நிண்டு பாக்கவேணும், அதுதான் ஏற்பாடு. ஆறு வருசத்தால 1952இல இலங்கைக் கலைக்கழகச் சட்டம் வந்திச்சு. அந்தக் கலைக்கழகத்துல தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவரா இருந்தவர் பேராதனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் அந்தக் கதிரையில இருந்து என்ன செய்தார் எண்டு பார். ஏட்டிலயும் கிழிஞ்ச கொப்பியிலயும் கிடந்த கூத்துகளை எடுத்துப் பதிப்பிச்சார். நம்மட தென்மோடிக் கூத்து அலங்கார ரூபன் 1962இல புத்தகமா வந்தது அப்பிடித்தான். அண்ணாவிமாரைக் கூப்பிட்டு மாநாடு வச்சார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்குக் கூட்டிப்போய் கம்பசுல படிக்கிற பொடியன்மாருக்கு ஆட்டம் பழக்கவிட்டார்.

அதுலதான் 1962இல கர்ணன் போர், 1963இல நொண்டி நாடகம், மறுகா இராவணேசன், 1967இல வாலி வதை எண்டு வரிசையா வந்திச்சு. விடிய விடிய ஆடுற கூத்தை மேடைக்குச் சுருக்கினார், வட்டக் களரியை ஒரு பக்கம் பாக்கிற மேடையாக்கினார். சுருக்கினதுல சிலது போச்சு, அதை இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா காசும் நேரமும் எங்க போச்சு எண்டு பார், பழக்கத்துக்குப் போச்சு. இராவணேசன்ல இராவணனா ஆடின பொடியன் ஆரு? நம்மட மட்டக்களப்பு மௌனகுரு. அவர் பொறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பத்தியே ஆராய்ச்சி செய்து கலாநிதியாகி, கிழக்குப் பல்கலைக்கழகத்துல நுண்கலைப் பேராசிரியரா இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இரிக்கிறது எங்க? செல்லையா அண்ணாவியார்ட வந்தாறுமூலையில. ஒரு அண்ணாவியாருக்குப் பழக்க இடம் குடுத்ததுல ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே ஆள் கிடைச்சிரிக்கு. பொன்னாடை போத்தினதுல என்ன முளைச்சுது எண்டு நீ சொல்லு பாப்பம்.

பள்ளிக்கூடத்துக் கதையும் இதுதான். ஆறாம் ஆண்டுல இருந்து அழகியல் பாடம் எண்டு ஒண்டு: சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும். நடனம் எண்டா நம்மட பள்ளிக்கூடங்கள்ல பரதம். பரதம் நல்லது, எனக்கு அதோட கோவம் இல்ல. ஆனா பள்ளிக்கூட மதிலுக்கு அங்கால மத்தளம் அடிக்கிறவர் மதிலுக்கு இஞ்சால வர ஏலாது. அவருக்குச் சான்றிதழ் இல்ல. தமிழ்த் தினப் போட்டி வந்தா மட்டும் "அண்ணாவியார், ஒருக்கா வந்து புள்ளையளுக்கு ஒரு வரவு சொல்லிக்குடுங்க" எண்டு ஆள் வரும். போட்டி முடிஞ்சு கேடயம் அதிபர்ட அலுமாரியில ஏறினபொறகு, அவர் மதிலுக்கு அங்கால போயிடுவார். புள்ளையளும் அந்த ஒரு வரவோட நிண்டிருவாங்க. கல்லடியில 1982இல இசை நடனக் கல்லூரியாத் தொடங்கி, இப்ப கிழக்குப் பல்கலைக்கழகத்தோட சேந்து சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமா இரிக்கிற இடத்துல பட்டமே குடுக்கிறாங்க. பட்டம் எடுத்த புள்ளையளையும் பட்டமில்லாத அண்ணாவியாரையும் ஒரே வகுப்புல நிறுத்துற புத்தி ஒரு சுற்றறிக்கையில வந்திட்டா, மிச்சத்தை அந்த ரெண்டு பேருமே பாத்துக்கொள்ளுவாங்க.

வேற இடங்கள்ல என்ன செய்யிறாங்க எண்டு கேட்டாயெண்டா, இந்தியாவுல குரு சிஷ்ய பரம்பரை எண்டு மத்திய அரசாங்கத்தின்ட திட்டம் ஒண்டு இரிக்கு. தஞ்சாவூர்ல இரிக்கிறதைப்போல பண்பாட்டு மையங்கள் அதை நடத்துறாங்க. குருவுக்கு மாசம் 7,500, பக்கத்துல வாசிக்கிறவருக்கு 3,750, படிக்கிற புள்ளைக்கு 1,500 இந்திய ரூவா. பெருங்காசு இல்ல. ஆனா எதுக்குக் குடுக்கிறாங்க எண்டு பார், பழக்குறத்துக்கு, பழகுறத்துக்கு. யப்பான்ல இன்னும் விசேசம். அங்க ஒரு கலையைக் கையில வச்சிருக்கிற மனிசரைத் தேசியச் செல்வம் எண்டு கொண்டாடி வருசத்துக்கு 20 இலட்சம் யென் குடுக்கிறாங்க. நல்லா ஆடினதுக்குப் பரிசு எண்டு இல்ல, தன்ட வித்தையைக் கூர்மையாக்கி அடுத்தவனுக்கு இறக்கவேணும் எண்டு.

நம்மட நாட்டுல கலாபூஷணம் எண்டு விருது இரிக்கு. 60 வயசு தாண்டினாக் குடுப்பாங்க. குடுக்கட்டும், வாங்கின ஆக்கள் தகுதியான ஆக்கள்தான். ஆனா கால் எழும்பிப் பாயிற வயசுல ஒரு சதமும் இல்லாம விட்டுப்போட்டு, முழங்கால் மடங்காத வயசுல மேடைக்கு ஏறச் சொல்லுறாங்க பாத்தியா? அந்த ஏழு படி ஏறுறதுதான் அவர்ட கடைசி வரவு ஆட்டம்.

இன்னொரு வில்லங்கம் நாட்காட்டி. வரவு செலவுத் திட்டம் கார்த்திகையில வாசிப்பாங்க, மார்கழியில வோட்டெடுப்பாங்க. மறுகா ஒதுக்கீடு, சுற்றறிக்கை, விண்ணப்பம், கிராம சேவகர்ட கையெழுத்து, தெரிவுக் குழு. இதெல்லாம் தாண்டிக் காசோலை வந்துசேர பல நேரம் ஐப்பசி கார்த்திகை ஆகிடும். டிசம்பர் 31க்குள்ள செலவழிச்சுக் கணக்கு முடிக்காட்டி மிச்சம் திறைசேரிக்குக் கிறுகிப் போயிடும். கூத்துக்கு வேற வருசம். பெரும்போக வேளாண்மை வெட்டி, களவெட்டியில பொலி தூத்தி, நெல்லு வீட்ட வந்தாத்தான் மனிசனுக்குக் கையில காசும் மனசுல பாட்டும் வரும். வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு, அதோட ஆவணி வரைக்கும் கோயில் கோயிலாத் திருவிழா. கொழும்புக் காசு வாற நேரம் இஞ்ச அடைமழை, வாவி பெருகி வயலும் றோட்டும் ஒண்டாக் கிடக்கும். அப்ப எங்க களரி போடுற? மண்டபத்துக்குள்ள கதிரை போட்டு, வரவேற்பு நடனத்துக்கும் பிரதம அதிதிட பேச்சுக்கும் நடுவுல, "நேரம் போதாமையால் சுருக்கமாக" எண்டு அருச்சுனன் வந்து வில்லைக் காட்டிப்போட்டுப் போவான். ஆரையும் கொல்லமாட்டான், நேரம் இல்ல.

சில இடத்துல காசு தாறவர் கதையையும் தருவார். டெங்கு ஒழிப்புக் கூத்து, குப்பை பிரிக்கிற கூத்து. வீமன் தண்டாயுதத்தோட நுளம்பை அடிக்கவேணும். அதையும் ஆடலாம், கூத்தனுக்கு வெக்கம் கிடையாது. ஆனா அந்த நாளைக்கு மட்டும் ஆடு. நுளம்புக்கு எழுதின சட்டத்தைப் புள்ளையளுக்குக் கூத்தெண்டு பழக்காத. கதையை மாத்தவேணும் எண்டா ஊரோட இருந்து மாத்து. சீலாமுனையில சி. ஜெயசங்கர் ஆக்கள் அதைத்தானே செய்தாங்க? கூத்துல சாதியைப் பத்தி, பொம்புளையைப் பத்தி வாற இடங்களைக் கூத்தாடுற ஊராக்களோடயே இருந்து பேசிப் பேசித்தான் புதுசா ஆக்கினாங்க. அதுக்கு வருசக்கணக்கு எடுத்திச்சு. காலாண்டு அறிக்கைக்குள்ள அடங்குற வேலை இல்ல.

சரி, இப்ப படிவத்தை எடு. நான் சொல்றதைப்போல நிரப்பு. இதுல ஒரு பொய்யும் இல்ல, உடுப்புத்தான் வேற. சாதாரண மனிசன் கரப்புடுப்புப் போட்டா ராசாவாகிறான் இல்லையா, அதுதான் இதுவும்.

"அண்ணாவியார்" எண்டு எழுதாத. "வளவாளர்" எண்டு எழுது. வளவாளருக்கு மணித்தியாலக் கணக்குல கொடுப்பனவு குடுக்கக் கூடு இரிக்கு, அண்ணாவியாருக்கு இல்ல. பழக்கத்தை "தொடர் பயிற்சிப் பட்டறை" எண்டு போடு, பட்டறை எண்டாக் கந்தோருக்குப் புடிக்கும். சட்டம் குடுக்கிற நாள் "ஆரம்ப அமர்வு". சதங்கை கட்டுற நாள் "இடைக்கால மதிப்பீடு". அடுக்குப் பாக்கிறது "இறுதி மதிப்பீடு", மதிப்பீட்டாளர் அந்த அடுத்த வளவுக் கிழவிதான், அவட அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுவிடு. வீட்டுக்கு வீடு ஆடுறது "சமூக ஈடுபாடு". இரவுல பொடியன்மாருக்குத் தேத்தண்ணியும் பாணும் சம்பலும் "சிற்றுண்டி". மத்தளத் தோல் "கற்றல் உபகரணம்". அரங்கேற்றத்துக்குக் குறைச்சுக் கேள், பழக்கத்துக்குக் கூட்டிக் கேள். பெனர் ஒண்டு காணும். அதுவும் சின்னதா அடி. பெரிசா அடிச்சா அடுத்த வருசம் ஆரும் கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போடத்தான் உதவும்.

பள்ளிக்கூடத்தையும் பங்காளியாப் போடு. அதிபர்ட கையெழுத்தோட ஒரு கடிதம், "மாணவர் 15 பேர் பயிற்சியில் இணைவர்" எண்டு. கலைக்குக் காசு இல்லையெண்டு சொல்ற கந்தோரும் கல்வி எண்டா ஒருக்கா யோசிக்கும். அண்ணாவியார் மதிலைத் தாண்ட இதுதான் இப்போதைக்கு உள்ள ஏணி.

ஒண்டை மட்டும் மறக்காத. அரசாங்கக் காசு எவ்வளவு வந்தாலும், செலவுல பாதியை ஊர்தான் போடவேணும். கோயில் வண்ணக்கரிட்டப் போ, போடியாரிட்டப் போ, வெளிநாட்டுல இரிக்கிற பொடியன்மாருக்கு வட்ஸ்அப்ல அடி, ஒவ்வொரு வளவுலயும் ஒரு மரைக்கால் நெல்லெண்டாலும் கேள். கஞ்சத்தனத்துல சொல்லல்ல. நெல்லுக் குடுத்தவன்தான் களரிக்கு வந்து குந்துவான், பிழையெண்டாக் கத்துவான். காசு முழுக்கக் கந்தோர்ல இருந்து வந்தா கத்துறத்துக்கு ஆருக்கும் உரிமை இல்ல, எல்லாரும் கை தட்டிப்போட்டுப் பையை வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. 2022ஐ நினைச்சுப் பார். சித்திரை மாசம் அரசாங்கமே எங்களால வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு கையைத் தூக்கிச்சு, நம்ம மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்டம். அரசாங்கம் செலவைச் சுருக்கப் போனா முதல்ல கத்தி விழுற இடம் ஆஸ்பத்திரி இல்ல, கலைவிழா. அப்பிடியொரு வருசத்துலயும் ஆடுறத்துக்கு ஆள் நிக்கிற கூத்துத்தான் கூத்து.

பிரதம அதிதியைக் கட்டாயம் கூப்பிடு, அது விதி. விடியக்காத்தால நாலு மணிக்குப் பேச வைக்கிறம் எண்டு அழைப்பிதழ்ல அடி. வந்தா அவர் நம்மட ஆள், ஒரு சதங்கையையும் கையில குடு. வராட்டி ரெண்டு பாட்டுக் கூடப் படிக்கலாம்.

கடைசிக் கூட்டுல "நிதியுதவி முடிந்த பின் செயற்றிட்டத்தைத் தொடர்ந்து நடத்தும் முறை" எண்டு கேட்டிருப்பாங்க. கம்பசுல படிச்ச பொடியன்மார் அதுக்கு ரெண்டு பக்கம் எழுதுவாங்க. நீ ஒரு வரி எழுது: "அடுத்த வருடமும் ஆடுவோம்." அதுக்குக் கீழ, பென்சிலால, அழிக்கக்கூடிய மாதிரி எழுதிவிடு: "காசு தந்தால் அண்ணாவியாருக்கும் ஒரு நேரச் சோறு நிம்மதி."